கல் ஏன் மின்னுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கற்களைச் சோதித்துச் சொல்கிற வேலையில் இருப்பதால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் மோதிரத்தைக் கழற்றி நீட்டிவிடுகிறார். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். ராசி, திசை, பரிகாரம் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிட்டேன். இது வெளிச்சத்தைப் பற்றிய பக்கம் மட்டும்.

வைரம் இருட்டுல தானா ஒளி விடுமாமே, நிஜமா?

விடாது. சன்னலை மூடி விளக்கையும் அணைத்துவிட்டால் வைரமும் தெரியாது, கூழாங்கல்லும் தெரியாது. நாகமாணிக்கம் காட்டையே வெளிச்சமாக்கும் என்பதெல்லாம் சினிமாவுக்கு நன்றாக இருக்கும். கல் தன்மேல் விழுகிற ஒளியை வாங்கி, வளைத்து, உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு, எந்தத் திசையில், எந்த நிறத்தில் அனுப்புகிறது என்பதில்தான் கல்லுக்குக் கல் வித்தியாசம். சின்னதாக ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் புளூ ஜாகர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கண்ணாடியும் தெளிவு, வைரமும் தெளிவு. அப்புறம் வைரம் மட்டும் ஏன் இப்படி ஜொலிக்குது?

வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சாதாரணக் கண்ணாடிக்குள் அது சுமார் 2 லட்சமாகக் குறைகிறது. வைரத்துக்குள் 1.24 லட்சம்தான். எத்தனை மடங்கு குறைகிறது என்பதைத்தான் ஒளிவிலகல் எண் என்று பள்ளியில் படித்தோம். தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்குச் சுமார் 1.5, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 1.77 அளவில், வைரத்துக்கு 2.42. எண் கூடக் கூட, சாய்வாக நுழையும் ஒளி அதிகமாக வளையும்.

மேற்பரப்பிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் கண்ணாடி சுமார் 4 சதவீதத்தைத் திருப்பும், வைரம் சுமார் 17 சதவீதத்தை. வைரத்தின் மேல் தெரியும் அந்த வெட்டுகிற பளபளப்புக்கு இதுதான் காரணம். ஆனாலும் முக்கியமான வேலை நடப்பது உள்ளே போன மீதி 83 சதவீதத்தில்.

உள்ளே போன வெளிச்சம் கீழ் வழியா ஓடிப் போகாம ஏன் மேலேயே வருது? அடியில ரசம் பூசியிருக்காங்களா?

நல்ல வைரத்துக்கு ரசம் தேவையில்லை. குளத்தில் முங்கி, கண்ணைத் திறந்து மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் மட்டும் வானம் தெரியும், அதைச் சுற்றிலும் நீர்ப்பரப்பே கண்ணாடியாகிக் குளத்தின் அடியைக் காட்டும். அடர்ந்த பொருளிலிருந்து காற்றுக்குள் வர முயலும் ஒளி, ஓர் அளவுக்கு மேல் சாய்ந்து வந்தால் வெளியேற முடியாது. முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. அந்த அளவுக்குப் பெயர் மாறுநிலைக் கோணம். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் தண்ணீருக்குச் சுமார் 49 டிகிரி, கண்ணாடிக்கு 41 அல்லது 42, வைரத்துக்கு வெறும் 24.4.

கோணம் சின்னதாக இருந்தால் ஒளி தப்பிக்கும் வாசலும் சின்னது. நன்றாக வெட்டிய வைரத்தில் ஒளி மேலே நுழைந்து, ஒரு பக்கத்து அடிப்பட்டையில் மோதி, எதிர்ப்பக்கத்து அடிப்பட்டையிலும் மோதி, மறுபடி மேல் வழியாகவே வெளியே வரும். மோதுகிற இரண்டு இடத்திலும் துளி இழப்பு கிடையாது. ரசம் பூசிய நிலைக்கண்ணாடிகூட விழுகிற ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும்.

கல்லு வெள்ளைதானே, அந்தச் சிவப்பு நீலப் பொறியெல்லாம் எங்கேருந்து வருது?

வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. கல்லுக்குள் ஊதா கொஞ்சம் அதிகமாக வளையும், சிவப்பு கொஞ்சம் குறைவாக வளையும். வெளியே வரும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு திசையில் பிரிகிறது. நிறப்பிரிகை என்பது பாடப்புத்தகப் பெயர், வியாபாரத்தில் ‘ஃபயர்’ என்பார்கள். இதற்கும் ஓர் அளவு உண்டு: வைரத்துக்கு 0.044, நீலத்துக்கு 0.018, படிகக் கல்லுக்கு 0.013.

‘மின்னுது’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. வெள்ளையாகவே திரும்பி வரும் ஒளி ஒன்று. நிறமாகப் பிரிந்து வருவது இன்னொன்று. மூன்றாவது, அசையும்போது பட்டைகள் மாறி மாறி எரிந்து அணைவது. மூன்றாவதற்கு அசைவு கட்டாயம் வேண்டும். கல்லோ, விளக்கோ, பார்ப்பவரோ நகர வேண்டும். மூக்குத்திக் கல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுப்பாகத் தெரிவது அதனால்தான், முகம் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கல்லில் இருட்டான பட்டைகளும் கொஞ்சம் வேண்டும். எல்லாப் பட்டையும் ஒரே நேரத்தில் வெளுத்துத் தெரிந்தால் பளிச்சிடுவதற்கு எதிர்நிறம் இருக்காது.

பட்டை எத்தனை இருக்கணும்? நூறு பட்டை வெட்டினா டபுளா மின்னுமா?

வட்ட பிரில்லியன்ட் வெட்டுக்கு 57 பட்டை. அடிமுனையையும் தட்டையாகத் தீட்டினால் 58. எண்ணிக்கையைவிடக் கோணம்தான் பெரிது. 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். வைரம் வெட்டும் பெல்ஜியக் குடும்பத்துப் பிள்ளை, படித்தது பொறியியல். அடிப்பட்டை 40.75 டிகிரி, மேல்பட்டை 34.5 டிகிரி, மேலே உள்ள தட்டை முகம் கல்லின் அகலத்தில் 53 சதவீதம் என்பது அவர் கண்ட விடை. இன்று இந்த அளவிலிருந்து கொஞ்சம் அங்கே இங்கே போவார்கள், ஆனால் யாரும் வெகுதூரம் போவதில்லை.

அரிசி அளவுக் கல்லில் நூறு பட்டை போட்டால் ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குப் பிரிந்து தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். கல் நொறுங்கிய பனிக்கட்டி போலத் தெரியும். அதனால்தான் மிகச் சின்ன வைரங்களுக்கு 17 பட்டையோடு நிறுத்திக்கொள்வது உண்டு.

என் நீலக்கல் பெரிசுதான், ஆனா நடுவுல விரல் தோல் அப்படியே தெரியுது. கல் போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆழம் போதாமல் வெட்டியிருக்கிறார்கள். நீலத்தின் மாறுநிலைக் கோணம் சுமார் 34.5 டிகிரி. அடிப்பட்டைகள் தட்டையாக இருந்தால், நேராக வரும் ஒளி அந்தக் கோணத்துக்கு உள்ளேயே விழுந்து அடி வழியாக வெளியேறிவிடும். அதே வழியாகத்தான் உங்கள் விரலும் தெரிகிறது. தொழிலில் இதை ‘விண்டோ’ என்பார்கள்.

காரணம் எடைதான். வண்ணக் கல் காரட் கணக்கில் விற்கிறது. முரட்டுக் கல் தட்டையாகக் கிடைத்தால் வெட்டுபவர் சரியான கோணத்துக்காகப் பாதியைத் தேய்த்துத் தள்ள மனம் வராமல் அகலத்தைக் காப்பாற்றிவிடுவார். ரொம்பக் கருநீலமான கல்லில் சில சமயம் வேண்டுமென்றே ஆழத்தைக் குறைப்பார்கள், ஒளி போகும் தூரம் குறைந்தால் நிறம் வெளிறும் என்று. என்னைக் கேட்டால், ஒரு காரட் எடை குறைந்தாலும் ஜன்னல் இல்லாத கல்லை எடுங்கள்.

கோஹினூரை வெள்ளைக்காரன் ஏன் திரும்ப வெட்டினான்?

அது மின்னவில்லை என்பதால். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதை வைத்தபோது கூட்டம் முண்டியடித்துப் போய்ப் பார்த்து ஏமாந்து திரும்பியது. சுற்றிலும் எரிவாயு விளக்கு, கண்ணாடி எல்லாம் வைத்துப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. அப்போது அது சுமார் 186 காரட், முகலாயர் காலத்து வெட்டு. பெரும்பாலான அளவை அப்படியே வைத்து மேலே பட்டை போட்ட வெட்டு அது. அடிக்கோணம் ஒளியைத் திருப்புவதற்கு ஏற்றதில்லை.

1852-இல் இளவரசர் ஆல்பர்ட் மேற்பார்வையில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெட்டுக்காரர்களை வரவழைத்து மறுபடி வெட்டினார்கள். மிஞ்சியது 105.6 காரட். ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தூளாகப் போனது. அந்தப் பழைய வடிவம் போனதில் எனக்கு வருத்தம்தான். அது மெழுகுவத்தி, அகல்விளக்கு வெளிச்சத்தில் அரசர் புஜத்தில் கட்டிப் பார்த்த கல், லண்டன் கூடத்துப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

பாட்டியோட ஏழு கல் தோடு மூடின கட்டு. திறந்து கட்டினா இன்னும் மின்னுமா?

கல்லைப் பொறுத்தது. அடிக்கோணம் சரியாக உள்ள வைரத்தில் ஒளி அடி வழியாகப் போவதே இல்லை என்று மேலே பார்த்தோம். அந்தக் கல்லுக்குப் பின்னால் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய வெட்டுக் கல்லாக இருந்தால் அடியில் ஒளி கசியும். அந்தக் காலத்து ஆசாரிகள் அதற்காகத்தான் பின்னால் தகடு வைத்து மூடினார்கள், கசிந்த ஒளி தகட்டில் பட்டுத் திரும்பும். நாட்டிய நகையில் வரும் கெம்புக் கல்லும் இதே ஏற்பாடுதான்.

ஆகவே பழைய கல்லைத் திறந்த கட்டுக்கு மாற்றினால் மினுமினுப்பு குறையவும் வாய்ப்பு உண்டு. மாற்றுவதற்கு முன் கல்லைக் கழற்றி, ஜன்னல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில தகதகன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா மங்கலா இருக்கே. மாத்திக் கொடுத்துட்டாங்களா?

பெரும்பாலும் மாறியது விளக்குதான். நகைக்கடைக் கூரையில் சின்னச் சின்னப் புள்ளி விளக்குகள் ஏராளமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்டையிலும் தனிப் பொறியாகத் தெறிக்கும், நிறமும் பிரிந்து தெரியும். வீட்டில் நீளமான டியூப் லைட், வெள்ளைச் சுவர். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருவதால் பிரிந்த நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி வெள்ளையாகிவிடுகின்றன. மேகமூட்டமான பகலிலும் இப்படித்தான்.

வாங்கும்போதே கல்லை வாசல் பக்கம் எடுத்துப்போய் ஒரு முறை, விளக்கு குறைந்த மூலையில் ஒரு முறை பாருங்கள். நல்ல வெட்டு அங்கேயும் உயிரோடு இருக்கும்.

போட்ட ரெண்டு வாரத்துல தோடு மங்கிடுது. வைரம் தேயுமா?

தேயவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைமேல் தாதுக் கலவையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பொறுக்கியதே இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம் என்று நாம் பூசுவதெல்லாம் தோட்டின் அடியில் போய்ச் சேர்கிறது.

மேலே உள்ள அழுக்கைவிட அடியில் உள்ளதுதான் அதிகம் கெடுக்கும். அடிப்பட்டைக்கு வெளியே காற்று இருக்கும்வரை மாறுநிலைக் கோணம் 24.4. அங்கே எண்ணெய்ப் படலம் ஒட்டினால் அது 37 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். திரும்பியிருக்க வேண்டிய ஒளியில் ஒரு பகுதி பிசுக்குக்குள் போய், அங்குள்ள அழுக்கில் செத்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், பின்பக்கமாகத் தேய்த்தால் போதும். மூடின கட்டை ஊறவைக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும். முத்து, ஓபல், மரகதம் மூன்றுக்கும் ஈரத்துணி மட்டும்.

கல்லுக்குள்ள புள்ளி, கோடு இருந்தா மின்னறது குறைஞ்சிடுமா?

லென்ஸ் வைத்தால்தான் தெரியும் என்ற அளவில் இருந்தால் குறையாது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலேயே மதுரைக் கடைவீதியில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை இல்லாத வைரங்கள் வருகின்றன; குற்றம் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். ஒளிக்குக் கெடுதல் செய்வது, கல் முழுக்கப் புகை மாதிரி பரவியிருக்கும் நுண்துகள். தனியாக ஒரு புள்ளியைவிட மோசமான வெட்டு பல மடங்கு கெடுக்கும்.

அமெரிக்கன் டைமண்ட் வைரத்தைவிட அதிகமா வானவில் காட்டுதே, அப்போ அதுதானே ஒசத்தி?

நிறப்பிரிகையில் அது வைரத்தை முந்துவது உண்மை. அமெரிக்கன் டைமண்ட் என்பது கியூபிக் சிர்கோனியா, 1976 வாக்கில் சந்தைக்கு வந்தது. அதன் நிறப்பிரிகை சுமார் 0.06, ஒளிவிலகல் எண் 2.15 முதல் 2.18. வெள்ளை ஒளியைத் திருப்புவதில் வைரத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கும், வண்ணத்தில் மிஞ்சும். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே நடந்துவந்திருக்கிறது. அந்தக் கைகளின் வேலை சுத்தமாக இருக்கும். கல்தான் வைரத்தைவிட மென்மையானது. சில வருடத்தில் பட்டையின் விளிம்புகள் மழுங்கி, கீறல் விழுந்து, பொறி போய்விடும்.

வைரத்துக்குப் பதிலாக விற்கும் இன்னொரு செயற்கைக் கல்லான மோய்சனைட் இன்னும் பலே கில்லாடி. ஒளிவிலகல் எண் 2.65-க்கு மேல், நிறப்பிரிகை 0.104, கடினத்திலும் வைரத்துக்கு நெருக்கம். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பழைய பேனா மாதிரிக் கருவிகள் இதை வைரம் என்றே சொல்லிவிடும். ஆனால் ஒளி இதற்குள் இரண்டு கதிராகப் பிரியும். பத்து மடங்கு லென்ஸில் மேல்பட்டை வழியாகச் சாய்வாகப் பார்த்தால் அடிப்பட்டையின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் லேப் வைரம் வேறு கதை: அது வைரமேதான், ஒளி அதில் வேறு மாதிரி நடந்துகொள்ளாது, கண்ணால் பிரிக்கவும் முடியாது.

மாணிக்கம், மரகதமெல்லாம் ஏன் வைரம் மாதிரி பொறி விடறதில்லை?

எண்கள் மேலேயே இருக்கின்றன: எதிரொளிப்பும் குறைவு, நிறப்பிரிகையும் குறைவு. தவிர இந்தக் கற்கள் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன, அதுதானே அவற்றின் நிறம். மாணிக்கத்தில் கலந்துள்ள துளி குரோமியம் பச்சையையும் ஊதாவையும் விழுங்கிச் சிவப்பை விடுகிறது. மரகதத்துக்குப் பச்சை கொடுப்பதும் அதே குரோமியம்தான். சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பு மாறுவதால் விழுங்கும் நிறம் மாறுகிறது.

மாணிக்கத்துக்கு ஒரு சலுகை உண்டு. விழுங்கிய ஒளியில் கொஞ்சத்தைச் சிவப்பாகவே திருப்பி உமிழும். நல்ல மாணிக்கம் வெயிலில் தணல் போல உள்ளிருந்து எரிவதாகத் தோன்றுவது இதனால். 1960-இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒரு செயற்கை மாணிக்கக் கோலைக் கொண்டு செய்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

வைடூரியத்துல ஒரு கோடு ஓடுதே, நட்சத்திர நீலத்துல ஆறு கால் தெரியுதே, அது எப்படி?

இங்கே பட்டையே கிடையாது, மேடாக வழவழவென்று தீட்டிய கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஊசிகளோ குழல்களோ ஒரே திசையில் அடுக்கியிருக்கும். பட்டு நூல் கண்டை விளக்கின்கீழ் திருப்பினால் நூலுக்குக் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடுமே, அதேதான். வைடூரியத்தில் ஒரு திசை, அதனால் ஒரு கோடு. நட்சத்திர நீலத்தில் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் ஊசிகள் மூன்று திசையில் படிந்திருப்பதால் மூன்று கோடு குறுக்கிட்டு ஆறு கால். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 563 காரட் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ இந்த வகை. பெயர்தான் இந்தியா, கல் இலங்கை. ஒற்றை விளக்கு அல்லது நேர் வெயில் இருந்தால்தான் கால்கள் தெளிவாகத் தெரியும்.

இலங்கையில் ‘கெவுட’ என்று பால் படிந்த மாதிரி மங்கலான கல் கிடைக்கிறது. அதை உலையில் மிக அதிகச் சூட்டில் வைத்தால் ரூட்டைல் கரைந்து, அதிலுள்ள டைட்டானியம் இரும்போடு சேர்ந்து தெளிந்த நீலமாகும். சூடு ஏற்றிய கல்லில் நட்சத்திரம் எதிர்பார்க்க முடியாது.

சந்திரகாந்தக் கல்லும் ஓபலும்கூட இந்த ஊசிதானா?

இல்லை. சந்திரகாந்தத்தில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் இரண்டு வகைகள் மெல்லிய அடுக்குகளாக இருக்கின்றன, அவற்றில் ஒளி சிதறி நீலப் பால் போல் மிதக்கிறது. இலங்கையில் மீட்டியாகொட இதற்குப் பேர்போன ஊர். சி.வி. ராமனுக்குக் கற்களின்மேல் தனிப் பித்து. இலங்கைச் சந்திரகாந்தக் கற்கள் பற்றி 1950-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர் கண்ட ஒளிச்சிதறலை வைத்துச் செய்த கருவிதான் இன்று சோதனைக் கூடங்களில் கல்லை அடையாளம் காட்டுகிறது. ஓபலில் இருப்பது சிலிக்கா உருண்டைகள், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவு. வரிசையாக அடுக்கிய அந்த உருண்டைகளின் இடைவெளிதான் எந்த நிறம் எந்தப் பக்கம் தெரியும் என்று முடிவு செய்கிறது.

புளூ ஜாகர் வைரம்னா என்ன? நீலமா ஜொலிக்குமாமே?

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டீன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர். அங்கே கிடைத்த சில வெள்ளை வைரங்கள் பகல் வெளிச்சத்தில் லேசான நீலச் சாயல் காட்டின. வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்வதால் அப்படி. ஏறக்குறைய நான்கில் ஒரு வைரமாவது புறஊதா விளக்கில் இப்படி ஒளிர்கிறது. முதல் கேள்வியில் சொன்ன விதிவிலக்கு இதுதான், இதற்கும் வெளியிலிருந்து கதிர் வேண்டும். விளக்கை அணைத்த பிறகும் சில வைரங்கள் கொஞ்ச நேரம் ஒளிரும்; கோல்கொண்டாவிலிருந்து போய் இன்று வாஷிங்டனில் இருக்கும் ஹோப் வைரம் சிவப்பாக ஒளிர்ந்து அடங்கும்.

இன்று கடைகளில் ‘புளூ ஜாகர்’ என்று விற்பதற்கும் அந்தச் சுரங்கத்துக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். கொஞ்சம் நீல ஒளிர்வு, லேசான மஞ்சள் தட்டிய கல்லை வெளுப்பாகக் காட்டி உதவும். ஒளிர்வு ரொம்பப் பலமாக இருந்தால் சில கற்கள் வெயிலில் எண்ணெய் படிந்ததுபோல மங்கும். சான்றிதழில் ஒளிர்வு பற்றிய வரியைப் படித்துவிட்டு, கல்லை வெயிலில் வைத்துப் பாருங்கள்.

தண்ணில போட்டா நிஜ வைரம் மறைஞ்சிடும்னு சொல்றாங்களே?

தலைகீழாகச் சொல்கிறார்கள். கல்லின் ஒளிவிலகல் எண்ணும் திரவத்தின் எண்ணும் ஒன்றானால்தான் கல் மறையும், ஏனென்றால் எல்லையில் வளையவும் திரும்பவும் காரணம் இல்லை. தண்ணீர் 1.33, வைரம் 2.42, மறையவே மறையாது. கிளிசரினில் போட்ட கண்ணாடித் துண்டு கிட்டத்தட்ட மறையும்.

இதைச் சோதனைக்கு உண்மையாகவே பயன்படுத்துகிறோம். மெத்திலீன் அயோடைடு என்ற திரவத்தின் எண் 1.74, நீலக்கல்லுக்கு மிக நெருக்கம். அதில் மூழ்கவைத்தால் பட்டையின் பொறியெல்லாம் அடங்கி நிறம் மட்டும் தெரியும். மேல்தோலில் மட்டும் நிறம் ஏற்றிய கல்லாக இருந்தால் பட்டை விளிம்புகளில் நீலம் கோடு போட்ட மாதிரி திரண்டு நிற்கும். உலைச்சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல்லில் நிறம் வளைந்த வரிகளாகப் படிந்திருக்கும். மண்ணில் விளைந்த நீலத்தில் அந்த வரிகள் நேராகவும் கோணமாகவும்தான் இருக்கும்.